ராசியான கடையும் விழாத சீட்டும்



நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் களியக்காவிளையோடு தமிழ்நாட்டின் எல்லை முடிகின்றது. அதனைத் தாண்டினால் பாறசாலை, அதற்கப்பால் அமரவிளை, நெய்யாற்றைக் கடந்தால் நெய்யாற்றின்கரை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது, கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆயினும் இப்பகுதியின் பேருந்து நிலையங்களில் சற்று நேரம் நின்று காது கொடுத்தால், தமிழில் தொடங்கிய வாக்கியம் மலையாளத்தில் முடிவதைக் கேட்கலாம்.

அமரவிளை என்றதும் வண்டியோட்டிகளுக்கு நினைவு வருவது சோதனைச் சாவடி. நமக்கு நினைவு வருவது வேறொன்று. சாலையோரத்து லாட்டரிக் கடைகளே அவை. கேரள அரசு 1967ஆம் ஆண்டில் பரிசுச் சீட்டுகளை விற்கத் தொடங்கியது. முதற் குலுக்கல் 1968ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடந்தது. சீட்டின் விலை ஒரு ரூபாய், முதற் பரிசு ஐம்பதாயிரம் ரூபாய். தமிழ்நாட்டு அரசும் அதே 1968இல் தன் பரிசுச் சீட்டைத் தொடங்கிற்று. பரிசு விழுந்தால் யாருக்கு நன்மை, விழாவிட்டால் யாருக்கு நன்மை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிய விளம்பரம் அதற்கு வாய்த்தது. விழுதலோடு விழாமையையும் சேர்த்துச் சொன்ன அவ்விளம்பரம், கணக்கு நோக்கில் நேர்மையானது என்றே கூறுவோம். 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை தடை செய்யப்பட்டது. அன்று முதல், சீட்டின்மேல் ஆசை விடாத தென்குமரி மக்கள் பலர் எல்லையைத் தாண்டி வருகின்றனர்.

ஒரு மாலைப் பொழுதில் பேருந்துக்காகக் காத்து நின்றோம். அருகில் நின்ற கொத்தனார் ஒருவர், அன்றைய கூலியிலிருந்து சில நோட்டுகளை எண்ணி எடுத்துச் சீட்டு வாங்கினார். பக்கத்திலேயே வேறொரு கடை இருக்க, இவ்வளவு கூட்டத்தில் இங்கே வந்து நிற்பானேன் என்று கேட்டோம். "இது ராசியுள்ள கடையாக்கும் சாரே! போர்டைப் பாருங்க, எத்தனை சம்மானம் இங்க விழுந்திருக்குன்னு" என்றார். பார்த்தோம். பரிசு விழுந்த எண்களும் தொகைகளும் பலகை நிறைய எழுதப்பட்டிருந்தன. பக்கத்துக் கடைப் பலகையில் ஒரே ஓர் எண் இருந்தது. அவர் சொன்னதை மறுக்க அப்போது நமக்கு நேரமில்லை, பேருந்து வந்துவிட்டது. அந்த மறுமொழியைத்தான் இன்று உங்கள் முன்னிலையில் சொல்ல எண்ணுகிறோம்.

கொத்தனாரின் கூற்றில் இரு நிகழ்ச்சிகள் அடங்கியுள்ளன. சீட்டு இந்தக் கடையில் வாங்கப்பட்டது என்பது ஒன்று. அச்சீட்டுக்குப் பரிசு விழுந்தது என்பது மற்றொன்று. ஒன்று நிகழ்வதால் மற்றதன் வாய்ப்பு கூடுகிறது என்பதே 'ராசி' என்னும் சொல்லின் பொருள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால், கணித நூலார் அவ்விரண்டையும் சாரா நிகழ்ச்சிகள் என்பர். சாராமைக்கு அவர்கள் வகுத்த இலக்கணம் எளியது: இரண்டும் சேர்ந்து நிகழ்வதன் நிகழ்தகவு, தனித்தனி நிகழ்தகவுகளின் பெருக்கற்பலனுக்குச் சமமாக இருத்தல் வேண்டும்.

எந்த நிகழ்ச்சிக்கும் ஒரு மறுபாதி உண்டு. மழை பெய்தலுக்கு மழை பெய்யாமை; பரிசு விழுதலுக்கு விழாமை. இதனை நிரப்பு நிகழ்ச்சி என்பர். இரண்டின் நிகழ்தகவையும் கூட்டினால் எப்போதும் ஒன்று. இத்தனை எளிய செய்தியை நாம் அன்றாட வாழ்வில் மறந்துவிடுவது வியப்பே. கடைப் பலகை விழுந்த சீட்டுகளை மட்டுமே பேசுகிறது. விழாத சீட்டுகளோ கடைவாசலில் கிழிந்து கிடக்கின்றன, அல்லது மேற்குக் காற்றில் நெய்யாற்றுப் பக்கம் பறந்து போகின்றன.

ஆகவே நான்கு அறைகளுள்ள ஒரு வீட்டை மனத்தில் வரைந்துகொள்வோம். முதல் அறையில் இந்தக் கடையில் வாங்கிப் பரிசு விழுந்த சீட்டுகள். இரண்டாம் அறையில் இந்தக் கடையில் வாங்கி விழாதவை. மூன்றாவதில் பிற கடைகளில் வாங்கி விழுந்தவை. நான்காவதில் பிற கடைகளில் வாங்கி விழாதவை. சாலை நெடுகிலும் ஒரு குலுக்கலுக்கு விற்ற சீட்டுகள் 20,000 என்றும், சிறிய பரிசுகளையும் சேர்த்து அவற்றுள் பரிசு பெற்றவை 400 என்றும், நம் கொத்தனாரின் கடை விற்றது 1,000 என்றும் வைத்துக்கொள்வோம். இவை கணக்கிற்காக நாம் கொண்ட எண்களேயன்றி, எந்தக் கடையின் பேரேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல.

கடையின் பங்கு இருபதில் ஒன்று. பரிசின் பங்கு ஐம்பதில் ஒன்று. பெருக்கினால் ஆயிரத்தில் ஒன்று. 20,000 சீட்டுகளில் ஆயிரத்தில் ஒன்று என்பது 20. எனவே, கடைக்கு எந்த ராசியும் இல்லாதபோதே, அதன் பலகையில் 20 எண்கள் எழுதப்பட வேண்டும். பக்கத்துக் கடை 50 சீட்டுகளே விற்கிறது எனின், அதே கணக்கின்படி அதற்கு ஒன்று விழ வேண்டும். இருபது எண்களும் ஓர் எண்ணும் அருகருகே நிற்க, காண்போர் முன்னதை ராசிக்கடை என்றும் பின்னதைத் தரித்திரக் கடை என்றும் சொல்லிப் போகின்றனர். இரண்டிலும் நூற்றுக்கு இரண்டு வீதமே விழுந்திருக்கிறது. கூட்டம் மிகுந்ததால் பரிசு மிகுந்தது. பரிசு மிகுந்ததாகத் தோன்றியதால் கூட்டம் மேலும் மிகுந்தது. கடைக்காரர் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க. பலகையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் உண்மையானதே. முதல் அறையை மட்டும் திறந்து காட்டிவிட்டு மற்ற மூன்றையும் பூட்டி வைத்ததுதான் அவர் செய்தது.

இனி மற்ற அறைகளைத் திறப்போம். கடையில் விற்று விழாதவை 980. பிற கடைகளில் விழுந்தவை 380. பிற கடைகளில் விழாதவை 18,620. இப்பொழுது நிரப்பு நிகழ்ச்சிகளைப் பெருக்கிப் பாருங்கள். பிற கடைகளின் பங்கு இருபதில் பத்தொன்பது. விழாமையின் பங்கு ஐம்பதில் நாற்பத்தொன்பது. இரண்டையும் பெருக்கி 20,000ஆல் பெருக்கினால் 18,620 என்றே வருகிறது. எஞ்சிய இரு அறைகளுக்கும் பெருக்கற்பலன் பொருந்துவதை வீட்டில் தாளும் பென்சிலும் கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம்.

இது நாம் தேர்ந்த எண்களின் தற்செயலான பொருத்தம் அன்று. காரணம் மிக எளிது. இந்தக் கடையில் வாங்கிய சீட்டுகளிலிருந்து விழுந்தவற்றைக் கழித்தால் மிஞ்சுவது விழாதவை. விழுந்தவை கடையின் பங்கையும் பரிசின் பங்கையும் பெருக்கிய அளவாக இருந்தால், கழித்தபின் மிஞ்சுவது கடையின் பங்கு முழுவதிலிருந்து அப்பெருக்கற்பலன் போக நிற்பது. அதாவது, கடையின் பங்கை, ஒன்றிலிருந்து பரிசின் பங்கைக் கழித்த எச்சத்தால் பெருக்கியது. அந்த எச்சமே விழாமையின் நிகழ்தகவு. இவ்வாறு ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் செல்லலாம். ஆகவே ஓர் அறையில் சாராமை மெய்ப்பட்டால் நான்கிலும் மெய்ப்படும். ஓர் அறையில் பொய்ப்பட்டால் நான்கிலும் பொய்ப்படும்.

இன்னும் ஒன்று உண்டு. அது மேலும் அழகியது. கடையில் இருபதுக்குப் பதிலாக முப்பது விழுந்திருந்தது என்று கொள்வோம். விற்ற சீட்டுகளும் மொத்தப் பரிசுகளும் மாறாதவை. ஆதலால் கடையில் விழாதவை 970ஆகக் குறையும். பிற கடைகளில் விழுந்தவை 370ஆகக் குறையும். நான்காம் அறையில் 18,630ஆகக் கூடும். எல்லா அறைகளிலும் வேறுபாடு பத்தே. இரண்டில் மிகை, இரண்டில் குறை. நான்கு பேர் ஒரு கட்டிலை நான்கு கால்களையும் பிடித்துத் தூக்கும்போது ஒருவர் அசைந்தால் மற்ற மூவரும் அசைவது போன்றது இது.

முப்பது விழுந்தால் ராசி உண்டு என்று ஒப்புக்கொள்வோமா என்று கேட்கலாம். இருபது எதிர்பார்க்கும் இடத்தில் பதினாறோ இருபத்துநான்கோ வருவது தற்செயலின் இயல்பு; அதனைக் கண்டு யாரும் மருள வேண்டுவதில்லை. முப்பது வந்தால் சற்று நின்று கவனிக்கத்தான் வேண்டும். ஆயினும் ஆயிரம் கடைகளுள் மிக அதிகமாக விழுந்த ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து வந்து காட்டினால், முப்பதும் வியப்பன்று.

லாட்டரியைப் பற்றியே இன்னொரு செய்தி. ஒரே குலுக்கலில் இரு சீட்டுகள் வாங்குகிறோம். முதற் பரிசு ஒன்றே ஒன்று. முதற் சீட்டுக்கு விழுதலும் இரண்டாம் சீட்டுக்கு விழுதலும் சாரா நிகழ்ச்சிகளா? பலரும் ஆம் என்பர். ஒன்றுக்கு விழுந்தால் மற்றதற்கு விழவே முடியாதாகையால் அவை சாராதவை அல்ல. ஒன்றையொன்று விலக்குதல் வேறு, ஒன்றையொன்று சாராதிருத்தல் வேறு; மாணவர்கள் தேர்வுத் தாளில் மிகுதியும் இடறுவது இங்கேதான். வெவ்வேறு நாள் குலுக்கல்களில் வாங்கிய சீட்டுகளே ஒன்றையொன்று சாராதவை. அங்கும் நிரப்பு நிகழ்ச்சியே கணக்கை எளிதாக்குகிறது. ஒரு சீட்டுக்கு ஏதேனும் பரிசு விழும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால், நூறு நாள் வாங்கினால் ஒரு முறை விழுந்தே தீரும் என்பது பொதுவான நம்பிக்கை. நூறு நாளும் விழாமல் போவதன் நிகழ்தகவு என்ன என்று திருப்பிக் கேளுங்கள். விழாமைகளும் ஒன்றையொன்று சாராதவையே என்று மேலே கண்டோம். ஆதலால் நூற்றில் தொண்ணூற்றொன்பதை நூறு முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.37. நூறு நாளும் தவறாமல் வாங்கிய நூறு பேரில் முப்பத்தேழு பேர் வெறுங்கையோடு நிற்பர். அந்தக் கொத்தனார் அவர்களுள் ஒருவரா என்பது நமக்குத் தெரியாது.

சீட்டுக் கணக்கில் போவது கூலிப் பணம். இதே நான்கு அறைகள் உயிர்க் கணக்கிலும் உண்டு. பெரியம்மை உலகில் உலவிய காலத்தில், அம்மை குத்திக்கொள்வதை எதிர்த்தவர் எங்கும் இருந்தனர். திருவிதாங்கூர் அரசு 1879ஆம் ஆண்டில் அரசு ஊழியர்க்கும், மாணவர்க்கும், சிறைவாசிகளுக்கும் அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கியது. அவ்வரசின் ஆட்சிக்குள் அமரவிளையும் அடங்கியிருந்தது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் பெரியம்மை பரவியது. அந்நோய் கண்டவர் 4,703 பேரின் கணக்கு எஞ்சியுள்ளது. இறந்தவர் 474 பேர். அவர்களுள் 200 பேர் அம்மை குத்திக்கொண்டவர்கள்! இறந்தோரில் ஐவரில் இருவருக்கு மேல் அம்மை குத்தியவர்கள் என்று மேடையில் ஒருவர் முழங்கினால், கூட்டத்தில் யாருக்குத்தான் ஐயம் எழாது?

மற்ற அறைகளைத் திறக்கச் சொல்ல வேண்டியதுதான். அம்மை குத்தியவர் மொத்தம் 4,151 பேர். அவர்களுள் 3,951 பேர் பிழைத்தனர். குத்தாதவர் 552 பேர். 274 பேர் இறந்தனர், 278 பேர் பிழைத்தனர். குத்துதலும் இறத்தலும் சாரா நிகழ்ச்சிகளாக இருந்திருந்தால், குத்தியவர்களில் ஏறத்தாழ 418 பேர் இறந்திருக்க வேண்டும். இறந்தது 200. குறை 218. குத்தாதவர்களில் ஏறத்தாழ 56 பேரே இறந்திருக்க வேண்டும். இறந்தது 274. மிகை 218. பிழைத்தோர் அறைகளிலும் அதே 218தான். கட்டிலின் நான்கு கால்களும் ஒருசேர அசைகின்றன. இருபதில் ஒருவர் என்பதற்கும் பாதிப் பேர் என்பதற்கும் உள்ள இடைவெளியைத் தற்செயல் என்று தள்ளிவிட யாராலும் இயலாது.

இத்தகைய அட்டவணைகளை ஆராய்ந்தவருள் முதன்மையானவர் ஜார்ஜ் உட்னி யூல் என்னும் புள்ளியியல் அறிஞர். பண்புகளின் தொடர்பு பற்றி 1900ஆம் ஆண்டில் வெளியான அவருடைய கட்டுரையில், ஒரு பண்பு இருத்தலுக்கு ஓர் எழுத்தும், இல்லாமைக்குக் கிரேக்க எழுத்து ஒன்றும் இட்டார். இல்லாமைக்கும் பெயர் சூட்டி, இருத்தலோடு சரிக்குச் சரியாகப் பந்தியில் அமர்த்தியதே அவர் செய்த பெருங்காரியம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஷெஃபீல்டு அட்டவணையும் அவர் ஆய்வில் இடம்பெற்றதே.

இதுவரை கண்ட கணக்குகளில் நான்கு அறைகளும் எண்ணத்தக்கவை. எண்ண முடியாத அறை ஒன்று இருந்தால்? இக்கேள்விக்கு விடை கண்டவருள் ஒருவர் நம் நாட்டு அறிஞர் சி. சந்திரசேகரன். அவரும் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கும் சேர்ந்து 1949ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கல்கத்தாவிற்கு அருகிலுள்ள சிங்கூர் சுகாதார நிலையப் பகுதியில் எத்தனை பிறப்புகளும் இறப்புகளும் நிகழ்ந்தன என்பது கேள்வி. பதிவாளர் ஏட்டில் சில விடுபட்டிருக்கும். வீடு வீடாகச் சென்று விசாரித்தாலும் சில விடுபடும். இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால் மூன்று அறைகள் தெரியும்: இரண்டிலும் இருப்பவை, பதிவேட்டில் மட்டும் இருப்பவை, விசாரணையில் மட்டும் கிடைத்தவை. இரண்டிலும் விடுபட்டவை நான்காம் அறை. அதன் கதவு வெளியிலிருந்து பூட்டியது, சாவியும் இல்லை.

சாராமையே அங்கே சாவியாயிற்று. இரண்டிலும் உள்ள பிறப்புகள் 300, பதிவேட்டில் மட்டும் 100, விசாரணையில் மட்டும் 60 என்று உதாரணத்திற்குக் கொள்வோம். பதிவாளர் விடுதலும் விசாரிப்பவர் விடுதலும் ஒன்றையொன்று சாராதவையாயின், நூறை அறுபதால் பெருக்கி முந்நூறால் வகுத்தால் வருவது 20. எவர் கண்ணிலும் படாத இருபது குழந்தைகள்! எவர் ஏட்டிலும் இல்லாத அவர்களைப் பெருக்கலும் வகுத்தலும் நம் முன் கொண்டுவந்து நிறுத்துகின்றன. மொத்தம் 480 என்று நிர்ணயித்து, எத்தனை ஊசி மருந்து வேண்டும், எத்தனை செவிலியர் வேண்டும் என்று திட்டமிடலாம்.

ஆனால் இங்கே ஓர் இக்கட்டு உண்டு. ராசிக்கடைக் கணக்கில் நான்கு அறைகளும் கையில் இருந்தமையால் சாராமையைச் சோதித்தோம். சிங்கூர்க் கணக்கில் நான்காம் அறை இல்லாமையால் சாராமையை நம்பினோம். சோதித்தல் வேறு, நம்புதல் வேறு. அமரவிளைப் பக்கத்து நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இக்கட்டு நன்கு விளங்கும். நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு எல்லார் கண்ணிலும் படும். ரப்பர்த் தோட்டங்களுக்கு அப்பால், சரிவில், ஒற்றையடிப் பாதையில் உள்ள வீட்டுக்காரர் பதிவு அலுவலகத்துக்கும் போவதில்லை. விசாரிக்க வருபவரும் அந்தச் சரிவில் ஏறுவதில்லை. ஒருவர் விட்ட வீட்டையே மற்றவரும் விடுவார். போதாக்குறைக்கு இஃது எல்லைப் பகுதி. பிறப்பை அது நிகழ்ந்த இடத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். தாயின் வீடு ஒரு மாநிலத்திலும் மருத்துவமனை மறு மாநிலத்திலும் இருந்தால், இவ்வூர்ப் பதிவேட்டில் அக்குழந்தையைத் தேடிப் பயனில்லை.

இரு விடுதல்களும் இவ்வாறு கைகோத்து நடந்தால், நான்காம் அறையில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருக்கும். நம் கணக்கோ இருபது என்றே சொல்லும். சந்திரசேகரனும் டெமிங்கும் இதனை அறியாதவர் அல்லர். மக்களை ஒத்த இயல்புடைய சிறு பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே கணக்கிட்டுப் பின்னர்க் கூட்டுங்கள் என்றனர். சாலையோரத்து வீடுகள் ஒரு பிரிவு; சரிவிலுள்ள வீடுகள் ஒரு பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் வீடுகள் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பதால், ஒருவர் விடுவதற்கும் மற்றவர் விடுவதற்கும் உள்ள உறவு தளர்கிறது. சரிவுப் பிரிவுக்கு மட்டும் தனியே கணக்கிட்டால் நான்காம் அறையின் எண் எத்தனை வருகிறது என்பதையே சுகாதார ஊழியர் முதலில் பார்க்க வேண்டும். அடுத்த முறை அவர் ஏற வேண்டிய ஒற்றையடிப் பாதைகள் அந்தப் பிரிவில்தான் உள்ளன.